இல்லாத ஊருக்குப் போகாத வழி: வேலூர் விடுகதையை அளவுக்கு மீறி ஆராய்தல்

"சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை. எந்த ஊர், சொல்லு?"

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பிறந்த எவரிடமும் இதை முழுசாகக் கேட்டு முடிக்க முடியாது. பாதியிலேயே "வேலூர்" என்று சொல்லிவிடுவார். சொன்னதோடு நிற்காமல் நீங்கள் விட்டுவிட்ட வரியையும் எடுத்துக்கொடுப்பார். விடுகதை என்றால் விடை தெரியாதவரிடம் போடுவதுதான் வழக்கம். இதையோ விடை தெரிந்தவர், விடை தெரிந்த இன்னொருவரிடம், விடையின் மேலேயே நின்றுகொண்டு போடுகிறார். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வெளியூர்க்காரருக்கு இதுதான் ஊர் அறிமுகம். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு இதுதான் சமாதானம்.

கேள்வி அபத்தமானது என்பதில் சந்தேகமே இல்லை. என்னென்ன இல்லை என்று சொல்லி ஓர் ஊரை அடையாளம் காட்ட முடியுமா? வேலூரில் கடலும் இல்லை, எரிமலையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. அப்படிப் பார்த்தால் திருப்பத்தூரும் அதே விடைதான். ஆனாலும் இந்த நான்கு 'இல்லை'களும் சேர்ந்து வேலூரை மட்டும் சுட்டுகின்றன என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. அபத்தம் இப்படி அசையாமல் நின்றால் அதை ஆராய்ந்துதான் ஆகவேண்டும். இந்தக் கட்டுரை விடுகதையின் ஒவ்வொரு வரியையும் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலம்போல நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சாட்சி விசாரித்துத் தீர்ப்பு எழுதுகிறது. சிரிப்புக்காகத் தொடங்கும் வேலைதான். எங்கே போய் முடிகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

பாடபேதங்கள்

கோயில், கோட்டை, ஆறு, மலை ஆகிய நான்கும் எல்லாப் பாடங்களிலும் உண்டு. வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்தாவதாக 'அதிகாரமில்லாத போலீஸ்' சில வாய்களில் வரும். ஆறாவதாக 'அழகில்லாத பொண்ணுங்க' என்ற வரி ஒன்று உண்டு. பக்கத்தில் பெண்கள் இருந்தால் அது தானாகவே குரல் இறங்கிப்போகும் என்பதால் அதன் பரவலைச் சரியாக அளக்க வழியில்லை. மூலபாடம் நான்கு வரிதான் என்றும் மற்றவை இடைச்செருகல் என்றும் கொள்வதே பதிப்பாசிரியர் மரபு. இருந்தாலும் இடைச்செருகலையும் விசாரிக்காமல் விடக்கூடாது. பொய்சாட்சிக்கும் கூண்டு ஒன்றுதானே.

இலக்கணம்

தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை, அதாவது விடுகதையை, யாப்பு வகை ஏழில் ஒன்றாக வைக்கிறது. அதே வரிசையில் பக்கத்திலேயே அங்கதமும் முதுசொல்லும் இருக்கின்றன. உவமை வழியாக வரும் பிசி, குறிப்புச் சொல்லி உணர்த்தும் பிசி என்று இரண்டு வகையும் சொல்கிறது. வேலூர் வாக்கியத்தை இதில் எந்தப் பெட்டியில் போடுவது? குறிப்புச் சொல்லி ஊரைக் கேட்பதால் பிசி. ஊரைப் பழிப்பதால் அங்கதம். யார் முதலில் சொன்னார் என்று தெரியாமல் பெரியவர்கள் வழியாக வருவதால் முதுசொல். மூன்று பெட்டியிலும் ஒரே நேரத்தில் உட்காரும் சரக்கு இது.

1963-ல் ராபர்ட் ஜார்ஜஸ், ஆலன் டண்டெஸ் என்ற இரு அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர்கள் விடுகதையின் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். முரண்பாட்டின்மேல் நிற்கும் விடுகதைகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, ஒரு பொருளுக்கு இயல்பாக இருக்கவேண்டியதை இல்லை என்று மறுப்பது. கண்ணிருந்தும் பார்க்காதது, பல்லிருந்தும் கடிக்காதது என்று நாம் தேங்காய்க்கும் சீப்புக்கும் போடுவதெல்லாம் அந்த இனம். வேலூர் விடுகதை அந்த இனத்திலேயே உச்சம். ஒரு மறுப்போடு திருப்தியடையாமல் நான்கை அடுக்குகிறது. கோயிலுக்கு இயல்பு சாமி, கோட்டைக்கு இயல்பு ராஜா, ஆற்றுக்கு இயல்பு தண்ணீர், மலைக்கு இயல்பு மரம். நான்கிலும் இயல்பைப் பிடுங்கிவிட்டு, மிச்சம் என்ன என்று கேட்கிறது.

ஒரு வித்தியாசத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் பார்க்காததற்கு யாரும் பொறுப்பில்லை. படைப்பே அப்படி. கோயிலில் சாமி இல்லாததற்கோ யாராவது பொறுப்பு இருக்கவேண்டும்.

முன்னோடி ஆய்வாளர்கள்

அபத்தக் கேள்வியை அளவுக்கு மீறி யோசிப்பது உலகம் முழுவதும் நடக்கிற தொழில்தான். 1865-ல் வெளிவந்த 'ஆலிஸ்' கதையில் லூயிஸ் கரோல், அண்டங்காக்கை ஏன் எழுதும் மேசையைப் போல இருக்கிறது என்று தொப்பிக்காரனைக் கேட்கவைத்தார். கதையில் விடை கிடையாது. வாசகர்கள் விடவில்லை. முப்பது வருடம் நச்சரித்தார்கள். கடைசியில் 1896-ல் எழுதிய ஒரு முன்னுரையில், முதலில் இதற்கு விடை என்று எதுவுமே இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஒரு விடையையும் செய்துகொடுத்தார். அந்த விடையில் 'ஒருபோதும்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே ஓர் எழுத்து மாற்றி, திருப்பிப் படித்தால் அண்டங்காக்கை வரும்படி வைத்திருந்தார். மெய்ப்புப் பார்த்தவர் அதை எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டார். உண்மை 1976-ல்தான் வெளியே வந்தது. அளவுக்கு மீறி யோசிக்கத் தெரியாதவர் கையில் நகைச்சுவை என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம் பக்கத்தில் 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படம் இருக்கிறது. கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றை நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது என்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாடு இதை விவாதித்துக்கொண்டிருக்கிறது. தர்க்கப்படி செந்தில் சொல்வதில் ஓட்டை இல்லை. இரண்டில் எதைக் காட்டினாலும் அது மற்றொன்றுக்கு 'இன்னொன்று'தான். கவுண்டமணி கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே' அல்ல, 'யார் தின்றது'. தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் படும் அவஸ்தைதான் மொத்த நகைச்சுவையும். இந்த நுணுக்கம் வேலூருக்கும் பின்னால் தேவைப்படும்.

வேலூரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் வட்டாரத்துக்கு இன்னொரு பாட்டன் சொத்தும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம்களில் பலர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். உருது-இந்தி உலகத்தில் இரண்டு கேள்விக்கு ஒரே விடை சொல்லும் ஒரு விளையாட்டு இருக்கிறது. 1253-லிருந்து 1325 வரை வாழ்ந்த அமீர் குஸ்ரோ பெயரில் அவை வழங்குகின்றன. உண்மையில் அவர் செய்தவைதானா என்பது ஆய்வாளர்களுக்குள் தீராத வழக்கு. அதில் ஒன்று: ஷூ ஏன் போடவில்லை, சமோசா ஏன் தின்னவில்லை? விடை: 'தலா' இல்லை. அந்த மொழியில் தலா என்றால் ஷூவின் அடிப்பாகம். எண்ணெயில் பொரித்தது என்றும் பொருள். அடி வைக்காத ஷூவையும் பொரிக்காத சமோசாவையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்ட அந்தப் புண்ணியவான் ஆம்பூருக்கு வந்திருந்தால் அசந்துபோயிருப்பார். காரணம் கீழே வருகிறது.

வாக்குமூலம் 1: சாமியில்லாத கோயில்

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைத்தான் இது சொல்கிறது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாய் பிளந்து நின்ற கோயில். படையெடுப்புக் காலங்களில் வழிபாடு நின்றுபோனது. படைக்கலக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. லிங்கம் ஊருக்கு வெளியே சத்துவாச்சாரியில் பாதுகாப்பாக இருந்தது. ஆக, சாமி இல்லாமல் போகவில்லை, வீடு மாறியிருந்தார். 1981 மார்ச் 16 அன்று லிங்கம் திரும்பவும் கோட்டைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பூஜை நடக்கிறது, கூட்டம் நெரிகிறது.

அப்படியானால் 1981-க்குப் பிறகு பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்த வரியைச் சொல்ல உரிமையில்லை. ஆனால் அவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு 2007-ல் ஊருக்குத் தெற்கே ஸ்ரீபுரத்தில் தங்கக் கோயிலும் வந்துவிட்டது. இப்போது சாமிக்கும் பஞ்சமில்லை, தங்கத்துக்கும் பஞ்சமில்லை. தீர்ப்பு: வாக்குமூலம் காலாவதியானது. வழக்கத்தை முன்னிட்டு மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

வாக்குமூலம் 2: ராஜா இல்லாத கோட்டை

இந்த வரியை ஆராயப் போனவருக்குத் தலை சுற்றும். இந்தக் கோட்டையில் ராஜா இல்லாத காலத்தைத் தேடுவதுதான் கஷ்டம். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழே சின்ன பொம்மு நாயக்கர் இங்கே ஆண்டார். அறிஞர் அப்பைய தீட்சிதரைப் பொன்னால் நீராட்டியவர் அவர். ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. பிறகு விஜயநகரத்து ஆரவீட்டு அரசர்கள் வேலூரையே தலைநகராக வைத்துக்கொண்டார்கள். 1614-ல் வாரிசுச் சண்டையில் ஒரு ராஜாவும் அவர் குடும்பமும் இந்தக் கோட்டையிலேயே கொல்லப்பட்டார்கள். பீஜாப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், ஆற்காடு நவாப் எல்லோரும் வந்துபோன பிறகு கும்பினிக்காரன் வந்து உட்கார்ந்தான்.

அதற்கப்புறமும் ராஜாக்கள் வருவது நிற்கவில்லை. கைதியாக வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும் இங்கே வைக்கப்பட்டார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1816-ல் கொண்டுவரப்பட்டு, 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது.

1806 ஜூலை 10 விடியற்காலையில் சில மணி நேரத்துக்கு ராஜாவும் கிடைத்தார். சிப்பாய்கள் எழுந்து, வெள்ளை அதிகாரிகளை வீழ்த்தி, திப்புவின் கொடியைக் கோட்டைமேல் ஏற்றினார்கள். திப்புவின் மகனை அரசர் என்றார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அது முடிந்தது. இந்தக் கலகத்துக்கு உடனடிக் காரணம், சிப்பாய்களின் பழைய தலைப்பாகைக்குப் பதில் கும்பினி திணித்த புதுத் தலையணி. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. பசுத்தோலா பன்றித்தோலா என்ற பயத்தில் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே கொதித்தார்கள். தாடியைத் திருத்து, நெற்றிக் குறியை அழி என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. பின்னாளில் தோலுக்குப் பேர்போன வட்டாரத்தில், ஒரு துண்டுத் தோல் ஒரு ராஜாவைச் சில மணி நேரம் சிம்மாசனத்தில் ஏற்றிப் பார்த்தது.

தீர்ப்பு: வாக்குமூலம் பொய். சரியான பாடம், 'ராஜாக்கள் உண்டு, சாவி அவர்களிடம் இல்லை'.

வாக்குமூலம் 3: தண்ணியில்லாத ஆறு

இதுதான் வழக்கின் இதயம். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டில் நுழைகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 நம்முடையது. நீளத்தில் பெரும்பங்கு நமக்கு, நீரில் பெரும்பங்கு மேலே உள்ளவர்களுக்கு. கோலார் தங்கச் சுரங்க ஊருக்கே பேத்தமங்கலத்தில் இந்த ஆற்றைத் தேக்கித்தான் தண்ணீர் கொடுத்தார்கள். 1892-ல் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் ஆனது. ஆந்திரத்துத் தடுப்பணைகளை எதிர்த்துத் தமிழ்நாடு 2006-ல் உச்ச நீதிமன்றம் போனது.

ஆனாலும் 'தண்ணியில்லாத' என்பதை நேர்ப்பொருளில் எடுத்தால் வாக்குமூலம் ஆடிப்போகிறது. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. ஆம்பூர் பைபாஸ் ஓர டீக்கடையில், ஷிஃப்ட் முடிந்து வந்த ஓர் இளைஞர் இந்தச் சான்றைத்தான் முன்வைத்தார்.

"ஆத்துல தண்ணி இல்லன்றாங்களே பாய், அப்ப அந்த மழையில எங்க மாமியார் வூட்டு மாடு எதுல அடிச்சிகினு போச்சு?"

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது தண்ணி இல்ல தம்பி, வெள்ளம். தண்ணின்னா குடிக்கிறது."

தர்க்க நூலில் ஓர் அத்தியாயமே இதில் இருக்கிறது. வருவது வேறு, இருப்பது வேறு, குடிக்கக் கிடைப்பது வேறு. மூன்றையும் பிரித்த பிறகுதான் விசாரணை உருப்படும்.

பாலாறு எப்போதுமே மேலே கொஞ்சமாகவும் மணலுக்கு அடியில் நிறையவும் ஓடும் ஆறு. மணலைத் தோண்டினால் ஊறும். அந்த ஊற்றை வெட்டிக் கால்வாயாக வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் ஏராளம். மேலே பார்த்து 'தண்ணியில்லை' என்று சொன்னவர் பாதிதான் பார்த்தார். பிறகு லாரி லாரியாக மணல் போனது. மணல் போனபிறகு அடியில் ஓடியதும் நிற்க இடமில்லாமல் போனது.

இன்னும் ஒரு முரண் பாக்கி. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஊறவைக்க, சுண்ணாம்பில் போட, மயிர் நீக்க, கழுவ, மறுபடி கழுவ, எல்லாவற்றுக்கும் தண்ணீர். அப்படிப்பட்ட தொழில், தண்ணியில்லாத ஆற்றங்கரையைத் தேடிப்பிடித்து வந்து உட்கார்ந்ததா? தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் ஆலைகள், பாலாற்றங்கரைக்கு வந்ததே இங்கே தண்ணீர் இருந்ததற்குச் சான்று. ஊர் சொல்லும் விடுகதையை ஊரின் தொழிலே குறுக்கு விசாரணையில் உடைக்கிறது.

வந்த தொழில் தண்ணீரை எடுத்துக்கொண்டதோடு, குரோமியத்தையும் உப்பையும் பதிலுக்குக் கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனதை அது குறிப்பிட்டது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுவதும் வேலூரின் பெயரை உச்சரிப்பது இதற்காகத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல ஷாப்புகள் மூடின, பல திருந்தின. ஆனாலும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

தீர்ப்பு: 'தண்ணியில்லாத' என்பது ஆற்றின் குணம் அன்று. மேலே தடுத்தது, கீழே மணலை அள்ளியது, நடுவில் கழிவைக் கலந்தது ஆகிய மூன்று செயல்களின் கூட்டுத்தொகை.

வாக்குமூலம் 4: மரமில்லாத மலை

வேலூருக்குக் கிழக்கே நிற்கும் குன்றுகளைப் பார்த்தவர் இந்த வரியை மறுக்கமாட்டார். பாறைமேல் பாறை. மேலே பழைய கோட்டைகளின் மிச்சம். வெயில் நேரத்தில் பார்த்தாலே கண் எரியும். இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் உண்டு: மண் இருந்தால்தானே மரம்? கருங்கல்லில் ஆலமரமா வளரும்? அந்த அளவுக்கு இந்த வரி உண்மை, யாரும் குற்றவாளி இல்லை.

எல்லாக் குன்றுக்கும் இது பொருந்தாது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. அப்புறம் இந்த வட்டாரம் வழியாகவே மேற்கே நீண்டது. சென்னை ரயில்வேயின் ஆரம்பகால எஞ்சின்கள் விறகில் ஓடின. சென்னை மாகாணக் காடுகளின் பாதுகாவலராக இருந்த கிளெக்ஹார்ன் 1861-ல் போட்ட புத்தகத்திலேயே ரயிலுக்கு விறகு ஒரு கவலையாகிவிட்டது. கொஞ்சம் தள்ளிப்போனால் ஜவ்வாது மலை. சந்தனத்துக்குப் பேர்போன மலை. அங்கே சந்தனம் என்ன ஆனது என்பதை விளக்க விடுகதை தேவையில்லை, போலீஸ் கேஸ் கட்டுகள் போதும். தீர்ப்பு: பாதி இயற்கை, பாதி கோடாலி.

இடைச்செருகல்கள்

'அதிகாரமில்லாத போலீஸ்' என்ற வரிக்கு ஊரில் சொல்லும் விளக்கம் எளிமையானது. கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் காக்கி போட்டு ஊரைச் சுற்றுவார்கள், ஆனால் ஒருவரையும் பிடிக்க முடியாது. விளக்கம் பொருந்துகிறது. ராஜா, சாமி என்று தொடங்கிய பட்டியலில் கான்ஸ்டபிளைச் சேர்த்தவருக்கு அரசியல் ஞானம் இருந்திருக்கிறது. அதிகாரத்தின் மூன்று படிகளையும் ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டார். அனுமதிக்கலாம்.

'அழகில்லாத பொண்ணுங்க' வரிக்கு வருவோம். இதற்கு ஒரு சாட்சியும் இல்லை. கோயிலுக்கு லிங்கம் போன கதை உண்டு, ஆற்றுக்கு அணை உண்டு, மலைக்குப் பாறை உண்டு. இந்த வரிக்கு வன்மம் தவிர வேறெதுவும் இல்லை. மற்ற நான்கும் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இது ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதிப் பேரைப் பற்றிச் சொல்வது. ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று ஏற்றிவரும் தொழிலாளிகளில் பெண்களே மிகுதி. வட்டாரத்தின் டாலர் வருமானம் அவர்கள் தையல் மிஷின் வழியாகத்தான் வருகிறது. தீர்ப்பு: தள்ளுபடி. செலவுத்தொகை வரியைச் சேர்த்தவர் கட்டவேண்டும்.

புதுச் சேர்க்கைகள்

விடுகதையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் காலாவதியான வரிக்கு மாற்று வேண்டும். தகுதியான வேட்பாளர்கள் மூவர்.

முதலாவது, விமானமில்லாத விமான நிலையம். அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறது. உடான் திட்டத்தில் பெயரும் சேர்ந்தது. விமானத்துக்காக அது காத்துக்கிடந்த ஆண்டுகளை எண்ணினால், கோயில் சாமிக்காகக் காத்திருந்ததற்கு அடுத்த இடம் கொடுக்கலாம்.

இரண்டாவது, தோலில்லாத தோல் மாவட்டம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. தோல் என்றதும் உலகம் நினைக்கும் வேலூர் மாவட்டத்தில் மிஞ்சிய பெரிய தோல் ஊர் பேரணாம்பட்டு. சுத்தமாக 'இல்லாத' என்று சொல்லமுடியாதபடி பேரணாம்பட்டு விடுகதையைக் கெடுத்துவிட்டது.

மூன்றாவதுதான் என் தேர்வு: அடியில்லாத ஷூ. இந்த வட்டாரம் நெடுங்காலம் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலைக் கப்பலேற்றியது. 1970-களில் மத்திய அரசு கச்சாத்தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதப்படுத்திய தோலுக்கும் கட்டுப்பாடு வைத்தது. சரக்காக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பது கொள்கை. ஆம்பூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ஒரே பாய்ச்சலில் முழு ஷூவுக்குப் போய்விடவில்லை. முதலில் பெரும் அளவில் போனது 'அப்பர்'.

அப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விடுகதை புரியும். முன்மூக்கு, பக்கவாட்டுத் துண்டு, பின்குதிகால், நாக்கு எல்லாம் ஓரம் சீவி, ஒட்டி, தைத்து, உள்ளே லைனிங் வைத்து, கயிறு போடும் கண்களுக்கு வளையமும் அடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் முழு ஷூ. கவிழ்த்தால் வெறும் ஓட்டை. கையை விட்டால் மறுபக்கம் வந்துவிடும். இதை ஜோடி ஜோடியாக அடுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சோல் ஒட்டி, பிராண்டு பெயர் போட்டு, நல்ல விலைக்கு விற்றார்கள். ஷூ ஏன் போடவில்லை என்ற குஸ்ரோ பெயர்க் கேள்விக்கு ஆம்பூர் ஒரு தொழிலையே விடையாக வைத்திருந்தது: தலா இல்லை. சமோசா கதைக்கு மட்டும் இந்த ஊரில் இடமில்லை. பிரியாணி, கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி இருக்கும்போது அதை யார் தேடப்போகிறார்கள்?

இப்போது முழு ஷூவும் இங்கேயே செய்கிறார்கள். ஆகவே இந்த 'இல்லை'யும் பாதி காலாவதிதான். ஆனாலும் கவனியுங்கள். அடி இல்லாமல் போனது ஆம்பூர்க்காரருக்குத் தைக்கத் தெரியாததால் அல்ல. அடியும் பெயரும் வேறொருவர் கையில் இருந்ததால்.

ஆய்வு முடிவு

அத்தனை வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. பாறைக் குன்றையும் அந்த வன்ம வரியையும் ஒதுக்கிவிட்டால், மீதி எதுவுமே பிறவியிலேயே இல்லாதது கிடையாது. சாமி இடம் மாறினார். ராஜாக்கள் கைதானார்கள். தண்ணீர் தடுக்கப்பட்டது, கெடுக்கப்பட்டது. மரம் எஞ்சினில் எரிந்தது. ஒவ்வொரு 'இல்லை'க்குப் பின்னாலும் எடுத்த கை ஒன்று இருக்கிறது. விடுகதை அந்தக் கையை மறைத்துவிட்டு, பழியை ஊரின் தலையெழுத்தின்மேல் போட்டுவிடுகிறது. கேட்பவரும் கவுண்டமணியைப் போல 'எங்கே' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விடுகதை செய்த நன்மையையும் மறுக்கமுடியாது. மனு ஆபீசுக்குப் போனால் கட்டோடு தூங்கும். 1991-ல் போட்ட மனுவுக்கு 1996-ல் தீர்ப்பு வந்து, அதன் வால் 2025 வரை நீண்டது. விடுகதைக்கு ஸ்டாம்பு வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஆறு காய்ந்ததையும் மலை மொட்டையானதையும் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். சிரிப்பு இல்லாவிட்டால் இந்தக் குறைகளை ஊர் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்குமா என்பது சந்தேகம்.

திருத்திய பதிப்பு ஒன்றையும் எழுதிப் பார்த்தேன்: 'சாமி குடிபெயர்ந்து திரும்பிய கோயில், ராஜாக்கள் கைதியாயிருந்த கோட்டை, பங்காளிகள் பிடுங்கிய ஆறு, பாதி வெட்டிய மலை.' சரித்திரப்படி ஒரு பிழை இல்லை. சிரிப்பும் இல்லை. எந்தப் பிள்ளையும் இதை மனப்பாடம் செய்யாது. எனவே பழைய பாடமே இருக்கட்டும், அழகு வரியை மட்டும் நீக்கிவிட்டு. கூடவே கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். "எந்த ஊர்?" என்றதும் எதிரில் இருப்பவர் "வேலூர்" என்பார். அங்கே நிறுத்தாமல் உடனே போடவேண்டியது இது: "சரி, எடுத்துகினு போனது யாரு?"

முதல் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.